மேயர் குடிக்க வேண்டிய முதல் கிண்ணம்

தண்ணீர் மேலிருந்து கீழே வரும். கோப்பு கீழிருந்து மேலே போகும். இரண்டும் ஒன்றையொன்று வழிமறித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் இருக்கிறது தோல்னா வெர்பா என்னும் பல்கேரியச் சிற்றூர். ஊர் நடுவே ஒரு கல் ஊற்று. மலையில் ஊறி, மண்ணுக்குள் குழாயில் இறங்கி, செதுக்கிய கல் வாய் வழியாக இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும். மூடி கிடையாது, திருகு கிடையாது, விடுமுறை கிடையாது. அந்த ஊரில் சம்பளம் வாங்காமல் ஒழுங்காக வேலைக்கு வருவது அது ஒன்றுதான்.

அதைக் கட்டியவர் ஹரலாம்பி. பெயர் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. அவருடைய பேரன்தான் மேயர் ரங்கேல். ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஊற்றுத் திருநாள். பாதிரியார் திருநீற்றுப்பச்சைக் கொத்தால் தண்ணீரை ஆசீர்வதிப்பார். கட்டியவரின் வாரிசு தாத்தாவின் செம்புக் கிண்ணத்தில் முதல் தண்ணீர் பிடித்து, ஊரார் முன்னால் ஒரே மூச்சில் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி அதே தண்ணிதான்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் குடிக்கலாம், ஆட்டுக்கறியில் கை வைக்கலாம், தோல்பைக் குழல்காரர் ஊத ஆரம்பிக்கலாம்.

ரங்கேலின் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு முதல் கிண்ணத்துக்கு ஆளில்லாமல் இருந்தது. ரங்கேல் தலைநகரத்திலிருந்து வந்து தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் சாலை போடுகிறேன் என்றார். ரங்கேல், "முதல் கிண்ணத்தை நான் குடிக்கிறேன்" என்றார். ஊர் சாலையைத் தோற்கடித்தது.

இதில் ஒரே ஒரு சங்கடம், ரங்கேலின் வயிறு. பக்கத்து வீட்டுக்காரன் கெட்டுப்போன மீன் சாப்பிட்டால் இவருக்கு வலிக்கும். அப்படிப்பட்ட வயிறு.

அந்த வருஷம் திருநாளுக்குத் துணை அமைச்சர் வருவதாக இருந்தது. வந்து, குடித்து, மனம் குளிர்ந்தால், ஊரை அரசு அங்கீகாரம் பெற்ற சுகவாசத் தலமாக அறிவிப்பார். அதற்கு முன்பாகத் தண்ணீரில் கிருமி இல்லை என்று சான்றிதழ் வேண்டும். ஆகவே நீர்ச் சோதனைக்கூடத்தின் தலைவி ஸ்த்ராவ்கா வந்து, கிருமி நீக்கிய பாட்டிலில் தண்ணீர் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனாள். ரங்கேலோடு ஒரே வகுப்பில் படித்தவள். மறுநாள் நேராக மேயர் அறைக்கே வந்து உட்கார்ந்தாள்.

"பச்சை," என்றாள்.

"பச்சைன்னா நல்லதுதானே? பச்சை விளக்கு மாதிரி."

"சோதனைத் தட்டு பூரா பச்சையா மினுங்குது ரங்கேல். குடல் கிருமி. எண்ண ஆரம்பிச்சேன், கண்ணு வலிச்சுது, விட்டுட்டேன்."

"எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்?"

"ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"அது கொஞ்சம் கறாரா இல்ல?"

"அதை உன் வயித்துக்கிட்ட கேளு," என்றாள் அவள். "மேல போய்ப் பாரு. நம்ம ஸ்தாமென் சாமி சர்ச் ஆட்டுப்பட்டிய ஊத்துக்கு மேலேயே போட்டு வெச்சிருக்கார். பனி உருகுது, புழுக்கை ஊறுது, அப்படியே உன் தாத்தா பேருக்குக் கீழ வந்து கொட்டுது."

ரங்கேல் மேயருக்குரிய நிதானத்தோடு யோசித்தார். மலை வனத்துறைக்குச் சொந்தம். ஆடுகள் திருச்சபைக்குச் சொந்தம். புழுக்கை யாருக்குச் சொந்தம் என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. நகராட்சியின் அதிகாரம் கல் வாயில் தொடங்குகிறது.

"அதுக்கு மேல நான் பார்த்தா அத்துமீறல் ஆயிடும்," என்றார்.

"கீழ நின்னு குடிச்சா?"

"அது மரபு."

அவள் போனதும் நகராட்சிச் செயலர் குஸ்மனைக் கூப்பிட்டு அவசரக் கூட்டம் போட்டார். மேசைமேல் வழக்கம்போல நீலப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அவற்றைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரங்கேலின் மனைவி ருமெனாவுக்கு மனோல் என்று ஒரு தம்பி. அவன் தயாரிப்புதான் 'பனி மௌனம்'. மனிதக் காலடி படாத சிகரத்தில் பௌர்ணமியன்று பிடித்த தண்ணீர் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். உள்ளே ஊதா நிறத்தில் ஒரு சிறு கல். அந்தக் கல் தண்ணீருக்குப் பழைய நினைவுகளை மறக்கச் செய்யுமாம். ஊரில் கொஞ்சம் நாகரிகம் தெரிந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் குடித்தார்கள். மடக் மடக்கென்று குடிக்கக் கூடாது. ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, மௌனத்தைக் கேட்க வேண்டும். குஸ்மன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ், கண்ணத் தொற. வழி சொல்லு."

"ஐயா, நான் சட்டத்தப் படிச்சுட்டேன். குடிநீர்க் குழாய்னா திருகு இருக்கணும். நம்ம ஊத்துக்குத் திருகு இல்ல. அதனால அது குடிநீர்க் குழாயே இல்ல."

"வேற என்ன?"

"நினைவுச் சின்னம். தண்ணி, அந்த நினைவுச் சின்னத்தோட அசையும் பாகம்."

இந்தக் கருத்து ரங்கேலின் கண்களில் நீர் வரவழைத்தது. உடனே விஷயம் பண்பாட்டுத் துறைக்குப் போனது. அங்கிருந்து ஒரு நிபுணர் வந்தார். தண்ணீரைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார், தட்டிப் பார்த்தார், 'மேற்படி தண்ணீர் தனது காலத்துக்கு உண்மையாக, பழமை சிதையாமல், பிற்காலச் சேர்க்கை ஏதுமின்றி உள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தன் பையிலிருந்த நீலப் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

அமைச்சகம் திருப்தி அடையவில்லை. பழமை இருக்கட்டும், கிருமி இருக்கிறதா என்று கேட்டது. மாதிரியை உலோகக் குழாயில், வாயை நெருப்பில் சுட்டு, முறைப்படி எடுக்க வேண்டும் என்றது.

"நெருப்புல சுட்டுன்னா போட்டிருக்கு?" என்று குஸ்மன் ஆவலாகக் கேட்டார். "யார் வாய?"

"குழாய் வாய."

"ஐயா, அப்ப குழாய் வெச்சுடலாம். மாதிரி எடுக்கறதுக்குன்னே தனியா ஒண்ணு."

அப்படியே ஊற்றின் முதுகுப் பக்கத்தில் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய் முளைத்தது. அதற்குப் பின்னால் கல்லுக்குள் ஒரு சின்னத் தொட்டி. ஊற்றுக்கும் தொட்டிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தொட்டியில் 'பனி மௌனம்' பெட்டி பெட்டியாக ஊற்றப்பட்டது. மேலே பலகை மாட்டினார்கள்: 'மாதிரி எடுக்கும் குழாய் இது. இதில் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது.'

ஒரு பெண்மணி குடத்தோடு வந்து கேட்டாள்: "நல்ல தண்ணி வர்ற குழாய்ல ஏன்யா குடிக்கக் கூடாதுங்கறீங்க?"

"நல்ல தண்ணி சோதனைக்கும்மா. நீங்க குடிச்சா அது கெட்டுப்போயிடும்," என்று குஸ்மன் பொறுமையாக விளக்கினார். "குடிக்கறதுக்கு முன்பக்கம் இருக்கே."

ஸ்த்ராவ்கா வந்தாள். பலகையைப் படித்தாள். குழாய் வாயைச் சுட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாள். மறுநாள் அதே நாற்காலியில் அதே முகத்தோடு உட்கார்ந்தாள்.

"பச்சை."

ரங்கேல் எழுந்தே நின்றுவிட்டார். "எப்படி வரும்? அது..." என்று தொடங்கி, சொல்லக் கூடாததைச் சொல்லப் போகிறோம் என்று தெரிந்து, இருமினார்.

"அதே கிருமி. அதே ஆளுங்க. முன்பக்கம் இருந்த குடும்பமே பின்பக்கம் குடிவந்த மாதிரி இருக்கு," என்றாள் அவள். "எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு."

அவள் போனதும் இருவரும் நீலப் பாட்டில்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வேறொருவராக இருந்தால் அப்போதே ஒரு சந்தேகம் வந்திருக்கும். இவர்கள் படித்தவர்கள்.

"தொட்டி சரியில்ல ஐயா," என்றார் குஸ்மன்.

"பின்ன? இவ்வளவு அழகான பாட்டில்ல கிருமி எப்படி இருக்கும்?"

"கல்லு வேற கெடக்கு."

தொட்டியைத் தேய்த்துக் கழுவினார்கள். இந்த முறை எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று காய்ச்சியே ஊற்றத் தீர்மானமாயிற்று. அவ்வளவு தண்ணீரைக் காய்ச்ச ஊரில் ஒரே ஒரு பாத்திரம்தான் உண்டு. இலையுதிர் காலத்தில் எல்லாரும் முறை வைத்து பிளம் சாராயம் வடிக்கும் பொதுக் கொதிகலன். அதை நோன்புக் காலத்தில் பற்றவைக்கக் கலால் அலுவலர் அனுமதி வேண்டும். அவர் சாராயத்துக்கு மட்டும்தான் அனுமதி கொடுப்பார், தண்ணீருக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு 'பூஜ்யம் டிகிரிச் சாராயம்' என்று பதிந்துகொண்டார். புகை எழும்பியதும் ஊரின் ஆண்கள் பாதிப் பேர் தொழில்நுட்ப ஆர்வத்தோடு கூடி நின்றார்கள். வடிந்ததை ஆளுக்கு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, வாழ்க்கையில் நம்பிக்கை இழந்தவர்களாக வீடு திரும்பினார்கள்.

இந்தத் தடவை ஸ்த்ராவ்கா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணுமே இல்ல. சுத்தம். ஆனா லேசா பிளம் வாசனை அடிக்குது."

"அது கனிமச் சத்து," என்றார் குஸ்மன்.

"கிருமி இருந்திருந்தாலும் சந்தோஷமாத்தான் செத்திருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். "இனிமே நீ தைரியமாக் குடிக்கலாம் ரங்கேல்."

ரங்கேலின் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கத் தொடங்கியது அப்போதுதான். இவ்வளவு நாளும் சான்றிதழுக்காக ஓடிய ஓட்டத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார். சான்றிதழ் வராமல் இருந்திருந்தால், 'நான் குடிக்கத் தயார், சட்டம் விடவில்லை' என்று மார்தட்டியிருக்கலாம். இப்போது குடிக்காமலிருக்க உலகத்தில் ஒரு காரணமும் இல்லை, ஆட்டுப்புழுக்கையைத் தவிர. அதுவும் இல்லை என்று அரசாங்க முத்திரையோடு அவரே நிரூபித்துவிட்டார்.

"நீயும் குடிப்பியா?" என்று மெல்லக் கேட்டார்.

"நானா? சான்றிதழ் குடுத்தவளே குடிச்சா பாரபட்சம்னு சொல்லுவாங்களே." அவள் எழுந்தாள். "அதோட, நான் கையெழுத்துப் போட்டது குழாய்ல வந்ததுக்கு. கல் வாய்ல வர்றதுக்கு இல்ல. ஊர் பார்க்குமேன்னு வேணா கிண்ணத்தோட வந்து நிக்கறேன்."

திருநாளுக்கு முந்தின நாள் ரங்கேலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ருமெனா ஈஸ்டர் ரொட்டியின் மிச்சத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க, குடிக்கிற மாதிரி நடிச்சா என்ன?"

"என்னால முடியாது ருமெனா. ஊரே பார்க்கும். தொண்டை அசையணும்."

"சரி, தொண்டை அசையட்டும். வேற தண்ணி குடிங்க. கிண்ணத்துல முன்னாடியே ஊத்தி வெச்சுடறேன். தோள்ல பூவேலைத் துண்டு போடறது வழக்கம்தானே. அதால மறைச்சுக்கிட்டு, ஊத்துக்குப் பக்கத்துல சும்மா கொண்டுபோய்க் காட்டிட்டு எடுத்துடுங்க."

ரங்கேலுக்கு உயிர் வந்தது. "அந்தக் காய்ச்சின தண்ணி மிச்சம் இருக்குமே."

"அதையா? குஸ்மன் நகராட்சிக் கார் பேட்டரிக்கு ஊத்திட்டாராம். வண்டி பிரமாதமா ஓடுதுன்னு சொன்னார்."

"அப்ப மனோல் பாட்டில்தான்."

"அதைவிடச் சுத்தமா வேற என்ன இருக்கு?" என்றாள் ருமெனா, அக்காவுக்குரிய பெருமையோடு.

வெள்ளிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. ஊற்றைச் சுற்றி வில்லோ கிளைகள் கட்டியிருந்தார்கள். துணை அமைச்சர் வந்து இறங்கினார். கனத்த உடம்பு, கனத்த முகம், உலகத்தில் எதுவும் தன்னை விட்டு வெளியேறுவதில்லை என்ற வருத்தம் தெரியும் கண்கள். ஸ்தாமென் பாதிரியார் கொத்தைத் தண்ணீரில் தோய்த்து நாலு பக்கமும் தெளித்தார். முன்வரிசை ஒரே சீராகப் பின்வாங்கிக் குனிந்தது. பக்தியால் என்று ரங்கேல் நினைத்துக்கொண்டார்.

பிறகு அவருடைய முறை. துண்டு சரியாக விழுந்தது. கிண்ணம் ஊற்றின் அருகே போய் வந்தது. ஒரே மூச்சு. கடைசியில் ஏதோ பல்லில் தட்டியது. ருமெனா அவசரத்தில் ஊதாக் கல்லையும் சேர்த்து ஊற்றியிருக்கிறாள். நாக்கால் அதை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மீசையைத் துடைத்து, கொஞ்சம் குழறலாக அறிவித்தார்:

"தண்ணி அதே தண்ணிதான்."

ஊர் கைதட்டியது. அடுத்துத் துணை அமைச்சர். அவருடைய உதவியாளர் ஒரு வெள்ளிக் கோப்பையைத் துண்டால் மூடியபடி ஊற்றுக்கருகே கொண்டுபோய், மூடியபடியே கொண்டுவந்தார். அமைச்சர் குடித்தார். க்ளிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

பாதிரியார் தன் கோப்பையை எடுத்தார். க்ளிங்.

ஸ்த்ராவ்கா குடித்தாள். க்ளிங். குஸ்மன், கலால் அலுவலர், பூதக்கண்ணாடி நிபுணர், குடத்தோடு கேள்வி கேட்ட பெண்மணி. தோளுக்குத் தோள் துண்டு. ஊற்றுக்கு முன்னால் ஊரே வரிசையாக வந்து குனிந்து நிமிர்ந்தது. கல் வாயில் கொட்டிய தண்ணீரில் ஒரு துளிகூடக் குறையவில்லை. சதுக்கம் முழுக்க ஆட்டு மந்தை திரும்புவதுபோல க்ளிங் க்ளிங் என்று ஒரே நாதம்.

"ஆகா, என்ன ருசி," என்றார் பாதிரியார்.

"மலையோட ருசி," என்றார் துணை அமைச்சர்.

"சின்ன வயசுலேர்ந்து இதே தண்ணிதான் எங்களுக்கு," என்றார்கள் ஊரார்.

ரங்கேல் பூரித்துப்போய் மச்சானைத் தேடினார். மனோல் ஒரு மரத்தடியில் பீர்க் குவளையோடு நின்றிருந்தான்.

"மாப்ளே, உன் சரக்கு ஒரு பாட்டில்கூட மிச்சமிருக்காது போலயே."

"திங்கக்கிழமையே தீர்ந்துபோச்சு மாமா. அதுக்கப்புறம் நின்ன நிலையில நெரப்பினேன்."

"அந்தச் சிகரத்துக்கு எத்தனை தடவடா ஏறி எறங்கின?"

மனோல் அவரை இரக்கத்தோடு பார்த்தான். "எந்தச் சிகரம்? எங்கிட்ட ஏது மாமா லாரி? ஊத்துக்கு வர்ற குழாய்லேர்ந்து என் கொட்டகைக்கு ஒரு கிளை இழுத்திருக்கேன். எல்லாம் உங்க தாத்தா தண்ணிதான்."

ரங்கேலின் வாயிலிருந்து ஊதாக் கல் கீழே விழுந்தது.

"நீ... நீ அதக் குடிச்சியா?"

"எனக்கென்ன கிறுக்கா?" என்றான் மனோல், குவளையைத் தூக்கிக் காட்டி. "மேல ஆட்டுப்பட்டி இருக்குல்ல."

ரங்கேலின் வயிறு முதலில் பேசியது. அது எப்போதுமே முந்திக்கொள்ளும் வயிறு. மற்றவை ஆட்டுக்கறியின் பாதியில் சேர்ந்துகொண்டன. நகராட்சிக் கட்டடத்தில் இருந்தது ஒரே கழிப்பறை. குஸ்மன் அந்த நிலையிலும் கடமை தவறவில்லை. பதவி வரிசைப்படி ஆட்களை நிறுத்தினார். துணை அமைச்சருக்கு முதல் மரியாதை. பிறகு திருச்சபை. மேயர் என்பதால் ரங்கேலுக்கு மூன்றாவது இடம். இடமில்லாத பொதுமக்கள் வில்லோத் தோப்பின் பக்கம் ஓடினார்கள். தோல்பைக் குழல்காரர் பாட்டைப் பாதியில் நிறுத்தி, குழல்பையைப் போட்டுவிட்டுப் போனார். அது தரையில் கிடந்து வெகுநேரம் முனகிக்கொண்டிருந்தது.

விசாரணைக் குழு வந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு என்ன குடித்தீர்கள் என்று கேட்டது.

"ஊத்துத் தண்ணிதான், வேற எதையும் வாயில வெக்கல," என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள். வேறு எப்படிச் சொல்வது? ஊரே பார்த்ததல்லவா. நாகரிகமாகக் கண்ணை மூடி மௌனம் கேட்டவர்கள்கூட நீலப் பாட்டிலைக் கண்ணால் கண்டதில்லை என்றார்கள். ரங்கேல் மச்சானைப் பார்த்தார், ருமெனா ரங்கேலைப் பார்த்தாள், ரங்கேலும் சத்தியம் செய்தார். ஊற்றுத் தண்ணீர் சுத்தம் என்பதற்கோ முத்திரை குத்திய சான்றிதழ் இருந்தது. ஆகவே தண்ணீர் காரணமல்ல என்று குழு முடிவுக்கு வந்து, பக்கத்து ஊரிலிருந்து வந்த வெள்ளரிக்காயைச் சந்தேகிக்கத் தொடங்கிய வேளையில் தலைநகரத்திலிருந்து தொலைபேசி வந்தது. துணை அமைச்சரே பேசினார்.

"மேயர், எத்தனையோ வருஷமா நான் பார்க்காத டாக்டர் இல்ல. எந்த மருந்தும் என்னை அசைக்கல. உங்க ஊர் தண்ணி ஒரே நாள்ல என்னை மனுஷனாக்கிடுச்சு. இப்ப நான் காத்துல நடக்கறேன்."

அந்த வாரமே தோல்னா வெர்பா, அரசு அங்கீகாரம் பெற்ற குடல் தூய்மைத் தலமாக அறிவிக்கப்பட்டது. தலைநகரத்திலிருந்து வெள்ளை அங்கி உடுத்தியவர்கள் பேருந்து பேருந்தாக வந்தார்கள். நிஜமாகவே கல் வாயில் பிடித்துக் குடித்தார்கள், நிஜமாகவே ஓடினார்கள், முகம் பளபளக்கத் திரும்பி வந்து இன்னொரு கிண்ணம் கேட்டார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு விடுதியானது. நகராட்சி தன் வரலாற்றிலேயே நீளமான கழிப்பறை வரிசையைத் திறந்து வைத்தது. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் டாக்டர் எச்சரிக்கையாக, பாட்டில் தண்ணீரே குடியுங்கள் என்று சொல்லிவிட்டார். மனோல் புதுக் கொட்டகை போட்டான்.

அடுத்த வருஷம் திருநாள் நெருங்கும்போது ஸ்த்ராவ்கா மறுபடியும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பச்சைதானே?" என்றார் ரங்கேல்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"சுத்தம். ரெண்டு தடவ பார்த்துட்டேன், மேல மனோல் கிளைக் குழாய்லயும் எடுத்துப் பார்த்துட்டேன். குழந்தைக்குக் குடுக்கலாம். சாமியும் விடுதி கட்டறார்ல, இடம் பத்தலன்னு ஆட்டுப்பட்டிய ஆத்தங்கரைக்கு எறக்கிட்டார்."

ரங்கேல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வரப்போகும் பேருந்துகள் கண்முன் வந்தன. குடிப்பார்கள். காத்திருப்பார்கள். ஒன்றும் ஆகாது. ஊரின் கதி? அடுத்த தேர்தல்? தாத்தாவின் பெயர்?

"நல்லாப் பாரு ஸ்த்ராவ்கா. ஓரத்துல எங்கயாவது ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டிருக்கும்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நானும்தான் மாடியில ரெண்டு அறை வாடகைக்கு விட்டிருக்கேன்."

குஸ்மன் மெல்ல இருமினார். "ஐயா, சட்டத்த மறுபடியும் படிச்சேன். நகராட்சியோட அதிகாரம் கல் வாய்க்கு மேலயும் செல்லும்னு ஒரு விளக்கம் சொல்லலாம்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதற்குப் 'பாரம்பரிய நுண்ணுயிர் வள மீட்பு' என்று பெயர். வனத்துறை ஒத்துழைத்தது, திருச்சபை ஆசீர்வதித்தது. குறிப்பிட்ட காலை, தோல்பைக் குழல்காரர் முன்னே ஊத, சர்ச் ஆடுகளை மேயரே கழியால் ஓட்ட, ஊர் முழுவதும் ஊர்வலமாக மலையேறியது. ஆடுகளுக்குத்தான் வர விருப்பமில்லை. வெயில் ஏற ஏற எல்லாருக்கும் தாகம். ஆளுக்கொரு நீலப் பாட்டிலைத் திறந்து, கண்ணை மூடி, வயிறார உறிஞ்சினார்கள். தோல்னா வெர்பாக்காரர்கள் அத்தனை பேரும் நல்ல தண்ணீர் குடித்தது அன்று ஒருநாள்தான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதால், அதை யாரும் கவனிக்கவும் இல்லை.